சுண்ணாம்புக்கு அடியில் மூன்று நம்பர்

“நம்பர் அம்புட்டுப் பெரிய காரியமின்னா உம்ம நெத்தியில எழுதிக்கிட்டு அலையும் ஓய்! எஞ் சுண்ணாம்புக்கு வாசிக்கத் தெரியாது!”

பூங்கனி இப்படிச் சீறியது ரேஷன் ஆபீஸ் கிளார்க்கு தாணுமாலயனிடம். இடம், நாவல்விளைக் கிணற்றடி. நாள், ஐம்பத்தொன்றாம் வருஷம் பொங்கல் கழிந்து எட்டாம் நாள், திங்கட்கிழமை. தண்ணீர் கோர வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். இப்படி ஒரு சண்டையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யார் உலை வைப்பார்கள்?

தாணுமாலயன் கையில் நீளமான புத்தகம் ஒன்று. அதன் நடுவில் பூங்கனியின் ரேஷன் கார்டு செருகியிருந்தது. வாசலில் காட்டச் சொல்லி வாங்கினவர், திருப்பித் தரவில்லை.

“நீ பேசு, பேசு,” என்றார் அவர். “சர்க்கார் எழுதின நம்பரை அழிச்சது நீ. ஒரு வீடா, ரெண்டு வீடா? ஊரு முழுக்க அழிச்சிருக்கே. நம்பர் பழையபடி வந்தாத்தான் உனக்குக் கார்டு. வாற சனிக்கிழமை அரிசி போடும்போ நம்பர் இல்லாத வீட்டுக்கு ஒரு மணி அரிசி கிடையாது. பொறவு எங்கிட்ட வந்து அழப்பிடாது.”

அதுவரை பூங்கனி பக்கம் நின்று சிரித்த பெண்கள் சட்டென்று அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

“ஏட்டி பூங்கனி, எங்க சோத்துலயா சுண்ணாம்பக் கரைச்சு ஊத்தினே?” என்றாள் கீழவிளை செல்லத்தாய். பத்து நாளைக்கு முன் அவள்தான் பூங்கனியை நிறுத்தி, ‘வாசப்பக்கம் இன்னொரு கை அடிச்சுட்டுப் போ, சர்க்கார்க்காரனுவ கிறுக்கி வச்சது தெரியுது’ என்று கேட்டு வாங்கியவள்.

பூங்கனிக்கு அப்போது முப்பத்தாறு வயது. அப்பன் மணக்குடிக் காயலில் சிப்பி வாரிச் சூளையில் நீற்றிச் சுண்ணாம்பு விற்றவர். அந்தச் சூளைப் புகையில் வளர்ந்ததால் தொண்டை தடித்துவிட்டது. அவள் மெதுவாகப் பேசினாலும் அடுத்த விளைக்குக் கேட்கும். புருஷன் குமாரதாஸ் கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவன். மாதத்தில் இரண்டு நாள் வருவான். நல்ல மனிதன். பெரும்பாலும் ஊரில் இல்லாததால் அந்த நல்ல பெயர் கெடாமல் இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளையும் சோறு போட்டு வளர்த்தது பூங்கனியின் மட்டைதான். தாழை வேரை வெட்டி, ஊறவைத்து, கல்லில் அடித்து நாராக்கிக் கட்டிய வெள்ளையடிக்கும் மட்டை.

கார்த்திகை பிறந்தால் அவளுக்கு உட்கார நேரமில்லை. வேதக்காரர் வீடுகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அடித்தாக வேண்டும். மற்ற வீடுகளுக்குப் பொங்கலுக்கு முன்னால். யார் வீட்டில் அடித்தாலும் மூன்று கை. முதல் கை சுவர் குடிக்கும், இரண்டாம் கை அழுக்கைப் பிடிக்கும், மூன்றாம் கையில்தான் வெள்ளை நிற்கும் என்பாள். அவள் அடித்த சுவரில் கை வைத்துத் தேய்த்தால் கையில் ஒட்டாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இருக்கட்டுமே.

இந்த நம்பர் வியாதி எப்படி வந்தது என்றால், முந்தின ஐப்பசியில் தாணுமாலயன் வந்தார். வீட்டுக்கு வீடு வாசல் சுவரில் கறுப்புத் தாரால் ஒரு நம்பர். அது ரேஷனுக்கு. கார்த்திகையில் மிஷன் பள்ளிக்கூடத்து லீலாபாய் டீச்சர் வந்தாள். சென்சஸ் எடுக்கப் போகிறார்கள், அதற்கு வீட்டை எண்ண வேண்டுமாம். காவியால் இன்னொரு நம்பர். அதே மாதம் கொசுமருந்து அடிக்கிற ததேயுஸ் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வந்தான். மருந்தடித்த வீடு எது, அடிக்காத வீடு எது என்று தெரிய வேண்டுமே. நீலத்தால் மூன்றாவது நம்பர்.

மூன்றும் ஒரே சர்க்கார். ஆனால் ஒருவர் எழுதினது மற்றவருக்குத் தெரியாது. முத்தாரம்மன் கோயிலுக்குக் கிழக்கே உள்ள முதல் வீடு ரேஷனுக்கு எண்பத்திரண்டு, சென்சஸுக்கு ஒன்று, கொசுவுக்கு நாற்பத்தாறு. அந்த வீட்டுக்காரர் தன் சுவரைப் பார்த்து, “எனக்கு இருக்கியது ஒரு வாசல். மூணு நம்பரு எதுக்கு?” என்று கேட்டார்.

இவ்வளவையும் எழுதினவர்களில் ஒருவருக்காவது பொங்கல் நினைவு வரவில்லை. மூன்று பேரும் இந்த நாட்டில் பிறந்தவர்கள்தான். அவர்கள் வீட்டுச் சுவரும் தையில் வெள்ளையடித்த சுவர்தான். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது. பூங்கனி வந்தாள், மூன்று கை அடித்தாள், கறுப்பும் காவியும் நீலமும் அடியில் போய்விட்டன.

அதோடு நின்றிருந்தாலும் தப்பியிருக்கலாம். நம்பர் போனால் அரிசி போகுமோ என்று பயந்த சில பெண்கள் தாங்களாகவே கரிக்கட்டையால் ஒரு நம்பர் எழுதிக்கொண்டார்கள். செல்லத்தாய்க்குத் தன் பழைய நம்பர் ஞாபகமில்லை. அடுத்த வீட்டில் எழுதியிருந்த முப்பத்தெட்டைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டாள். “வளைஞ்சு வளைஞ்சு காணக் கொள்ளாம்” என்று மெச்சி, அவளைப் பார்த்து இன்னொருத்தியும் வரைந்தாள். தாணுமாலயன் அன்று காலையில் வந்தபோது நாவல்விளையில் நாலு முப்பத்தெட்டு இருந்தது. மற்ற சுவரெல்லாம் பால் வெள்ளை.

கிணற்றடியில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார் பொன்னுலிங்கம். பலசரக்குக் கடைக்காரர், நாலு கோட்டை விதைப்பாடு வயல்காரர், ஊரில் ஏணி வைத்திருக்கிற ஒரே ஆள். பூங்கனி உயரச் சுவர் அடிக்க வேண்டுமானால் அவரிடம்தான் ஏணி வாங்க வேண்டும். ஏணி சும்மா வராது. அவர் வீட்டுக்கு அவள் சும்மா வெள்ளையடிக்க வேண்டும்.

“சாரே, இவளுக்குக் கார்டைத் திருப்பிக் கொடுத்திராதேயும்,” என்றார் பொன்னுலிங்கம். “எந் தங்கச்சி வீட்டு நம்பரையும் அழிச்சுட்டா. பாவப்பட்ட குடும்பம். அஞ்சு உயிரு பட்டினி கிடக்கப் போகுது.”

“உம்ம தங்கச்சி வீடா? அது எங்க இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டாள் பூங்கனி.

“தெரியாத மாதிரி கேக்கா பாரும்!” என்று சொல்லிவிட்டு அவர் கடையைப் பார்த்து வேகமாக நடந்துவிட்டார்.

பூங்கனி அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நினைப்பெல்லாம் சனிக்கிழமை மேல் இருந்தது. வீட்டில் பானையில் இரண்டு நாளைக்கு அரிசி. கார்டு இல்லாமல் அரிசி வேண்டுமானால் பொன்னுலிங்கத்திடம்தான் போக வேண்டும். அவர் கடையின் பின்கதவில் அரிசி கிடைக்கும், விலையைக் கேட்டால் பசி போய்விடும். தன் வீட்டு மூன்று வயிறு மட்டும் என்றால் மரச்சீனிக் கிழங்கை அவித்துப் போட்டுச் சமாளிக்கலாம். ஊரே பட்டினி கிடந்தால் அடுத்த வருஷம் யார் அவளைச் சுவரைத் தொட விடுவார்கள்?

மறுநாள் காலையில் ஊர்க் கோடியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த ததேயுஸைப் போய்ப் பிடித்தாள். கடற்கரைப் பையன், இருபத்தைந்து வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை.

“எக்கா, எங்க டிப்பார்ட்மெண்டுல எனக்குச் சீட்டைக் கிழிச்சிருவாவ. நான் மருந்தடிச்சு மூணு வாரம் ஆகல்ல, நீங்க மேல சுண்ணாம்பை அடிச்சுட்டியோ. கொசு வந்து சுண்ணாம்புல குந்தி இருந்து என்னப் பாத்துச் சிரிக்கி.”

“மக்கா, பொங்கலை மாசிக்கு மாத்த என்னால முடியாது. உம் மருந்தை மாசிக்கு மாத்த ஒன்னால முடியுமா, முடியாதா?”

ததேயுஸ் யோசித்தான். “முடியும். இது வரைக்கும் யாரும் கேக்கல்ல.”

“சரி. ஒம் புத்தகத்துல எந்த வீட்டுக்கு எந்த நம்பருன்னு இருக்கும்லா? எனக்குக் காட்டு. நான் அதைப் பாத்து எழுதிருதேன்.”

“என் நம்பரைப் பாத்து எழுதினா ரேஷன்காரர் சம்மதிக்க மாட்டாரு. அவருக்கு அவரு நம்பர்லா வேணும். அவருகிட்டப் பேச எனக்குப் பயம். போன மாசம் ஒரு வீட்டுப் பேரு கேட்டதுக்கு, ‘உன் பெரிய ஆபீசர் எங்க பெரிய ஆபீசருக்கு எழுதட்டும், திருவனந்தபுரம் போய்ட்டு வரும்’ன்னாரு.”

லீலாபாய் டீச்சரிடம் போனாள். டீச்சர் மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குள்ள யாரு, எத்தனை பேரு, என்ன வயசுன்னு ஜனங்க என்னை நம்பிச் சொல்லப் போற காரியம் பூங்கனி. அதை வேற ஆபீசுக்குக் காட்டினா நான் சட்டத்துக்குப் பதில் சொல்லணும்,” என்றாள்.

“ஆளைப் பத்தி நான் கேக்கல்ல டீச்சர். வீட்டுப் பேரும் நம்பரும் மட்டும் போதும்.”

“அது சொல்லலாம்,” என்றாள் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் நம்பர் வேணும் கேட்டியா? இன்னும் ரெண்டு வாரத்துல நான் வீடு வீடா ஏறணும். எந்த வீடுன்னு தெரியாம எப்படி ஏற? ஆனா அந்தத் தாணுமாலயன் புத்தகத்தைத் திறக்க மாட்டாரே.”

ஆக, மூன்று பேருக்கும் நம்பர் வேண்டும். மூன்று பேரிடமும் புத்தகம் இருக்கிறது. ஆனால் ஒருவர் மற்றவரிடம் கேட்கமாட்டார். இதற்குப் பெயர் உத்தியோகம்.

பூங்கனி வீட்டுக்கு வந்து, சுண்ணாம்புத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். மென்று துப்புவதற்குள் வழி தெரிந்துவிட்டது. புதன்கிழமை பூதப்பாண்டிக்கு நடந்துபோய் ரேஷன் ஆபீஸ் படியேறினாள்.

“சாரே, நாளைக்குக் காலத்த கொசுக்காரனும் டீச்சரும் சேந்து நாவல்விளைக்கு வாறாவளாம். வீடு வீடா நின்னு நம்பர் ஒத்துப் பாக்கப் போறாவளாம். அவிய ரெண்டு பேரு கணக்கும் ஒண்ணுபோல இருக்காம். ஒம்ம கணக்குத்தான் கூடுதலாக் கிடக்குன்னு பேச்சு.”

தாணுமாலயன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “யாரு சொன்னா?”

“ஊருல சொல்லுதாவ. நீரு வரண்டாம். நீரு இல்லாட்டி அவியளே எல்லாத்தையும் மேல எழுதிப் போட்டுருவாவ.”

“நான் வராம எப்படி நடக்கும்? வாறேன். காலத்தயே வாறேன்!”

அங்கிருந்து இறங்கி நேரே ததேயுஸிடம் போய், ‘நாளைக்கு ரேஷன்காரரும் டீச்சரும் வாறாவ, ஒன் ஒருத்தன் புத்தகந்தான் தப்புன்னு சொல்லுதாவ’ என்றாள். டீச்சரிடம் போய் அதையே திருப்பிச் சொன்னாள். இது பொய்தானே என்று கேட்டால், ஆமாம், பொய்தான். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முத்தாரம்மன் கோயில் முன்னால் வந்து நின்றபோது அது உண்மையாகிவிட்டது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூங்கனி கையில் தார் டின்னும், சின்ன மட்டை ஒன்றும்.

“நிக்கியதுக்கா வந்தியோ? புறப்படுங்க,” என்றாள்.

நடந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் பூங்கனி வீட்டுப்பெயரைக் கூப்பிட்டாள். எந்த வீடு, யாருடையது, அண்ணன் தம்பி பாகம் பிரிந்த பிறகு எது எவன் பங்கு என்று அவளுக்குத் தெரியாதது இல்லை. அத்தனை சுவரிலும் அவள் கை பட்டிருக்கிறது. மூன்று பேரும் அவரவர் புத்தகத்தில் தேடினார்கள். டீச்சர் தெரு வரிசையில் எழுதியிருந்தாள், சட்டென்று எடுத்தாள். ததேயுஸ் மருந்து டின் தீர்ந்த வரிசையில் எழுதியிருந்தான். தாணுமாலயன் எந்த வரிசையில் எழுதினார் என்று அவர் கும்பிடுகிற சாமிக்குத்தான் தெரியும். முன்னும் பின்னும் புரட்டி வேர்த்துப் போனார்.

“பலாவிளை மேலவீடு.”

“அம்பத்தேழு,” என்றாள் டீச்சர்.

“நூத்திமூணு,” என்றான் ததேயுஸ்.

“இரி, இரி… இந்தா, பதினொண்ணு. அடுத்த பக்கத்துல ஒரு பதினாலும் இருக்கே. இது எப்படி?”

“அடுப்பு ரெண்டு சாரே,” என்றாள் பூங்கனி. “மாமியாருக்கும் மருமவளுக்கும் ஆகாது. வீடு ஒண்ணு, சோறு வேற வேற. கார்டு ரெண்டு இருக்கட்டும், வீடு ஒண்ணுன்னு எழுதும்.”

உள்ளேயிருந்து மருமகள், “ஆமா, அப்படியே எழுதுங்க!” என்று குரல் கொடுத்தாள். மாமியார், “அவ அடுப்பு எந்தப் பக்கமின்னும் எழுதுங்க!” என்றாள்.

எந்த நம்பரைச் சுவரில் எழுதுவது என்று முதல் வாசலிலேயே தகராறு வந்திருந்தது. என் நம்பர்தான் மூத்தது என்றார் தாணுமாலயன். பூங்கனி தார் மட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

“வீடு ஒண்ணு, நம்பர் ஒண்ணு. டீச்சர் நம்பர்தான் நடக்கியதுக்கு லேசா வரிசையா இருக்கு. அதையே எழுதுதேன். நீங்க ரெண்டு பேரும் உங்க புத்தகத்துல ஓரத்துல கட்டம் காலியாத்தானே கிடக்கு, அதுல இந்த நம்பரையும் எழுதிக்கிடுங்க. யாரும் யாரு புத்தகத்தையும் தொடண்டாம். பொறவு ஒருத்தர் கேட்டா மத்தவருக்குத் தெரியும்.”

“அதுக்கு மேலிடத்து உத்தரவு வேணும்,” என்றார் தாணுமாலயன்.

“ஓரத்துல எழுதுகதுக்குமா?”

தாணுமாலயன் பென்சிலைத் தேடினார்.

“அதோட இன்னொண்ணு. செவுத்துல எழுத மாட்டேன். செவுத்துல எழுதினா அடுத்த தையில நானே வந்து அழிக்கணும். வாசல் நிலை மரத்துக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்க மாட்டாவ.” சொல்லிவிட்டு நிலையின் மேல்சட்டத்தில் தாரால் எழுதத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. டீச்சர் காட்டினதைக் கோலம் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்து இழுத்தாள். எட்டு மட்டும் முதலில் படுத்துக்கொண்டது. நாலைந்து வீடு போனபிறகு அதுவும் நிமிர்ந்தது. செல்லத்தாய், “எனக்கு அந்த முப்பத்தெட்டையே போடேம்ட்டி” என்று கெஞ்சினாள். கிடைத்தது இருபத்தொன்று. இரண்டு நாள் அவள் முகம் சரியில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தெற்கு எல்லைக்கு வந்தார்கள். பொன்னுலிங்கத்தின் வீட்டுக்கு நம்பர் போட்டாயிற்று. அதற்குப் பின்னால் தென்னந்தோப்புக்குள் வெள்ளைவெளேரென்று ஒரு ஓட்டுக் கட்டிடம். மூன்று கை வெள்ளை. அடித்தது பூங்கனிதான். மார்கழியில் பொன்னுலிங்கம் அவளைக் கூப்பிட்டு, கைக்காசு கொடுத்து அடிக்கச் சொன்னார். ஏணிக்கு ஈடாகத் தன் வீட்டையே ஓசியில் அடிக்க வைக்கிற மனிதர் இதற்குக் காசு கொடுத்தது அவளுக்கு அப்போதே ஆச்சரியம். ‘என்ன அண்ணாச்சி, மாட்டுக்குப் பெண்ணு பாக்க வாறாவளா?’ என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தாள்.

தாணுமாலயன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வாசித்தார். “சண்முகவடிவு வீடு. பொன்னுலிங்கத்துக்கத் தங்கச்சி. கார்டு நம்பர் எழுபத்தாறு. ஆளு அஞ்சு.”

பூங்கனிக்குக் கிணற்றடிப் பேச்சு நினைவு வந்தது. பாவப்பட்ட குடும்பம், அஞ்சு உயிர்.

“தம்பி, ஒம் புத்தகத்துல இது என்னவா இருக்கு?”

ததேயுஸ் விரலை ஓட்டினான். சிரிப்பு மெல்ல வந்தது. “பொன்னுலிங்கம் தொழுவம். கொசு ஜாஸ்தி. மருந்து ஒரு டின்.”

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “உள்ளே இருக்கிறவங்களைப் பற்றி நான் சொல்லக் கூடாது,” என்றாள். பிறகு புத்தகத்தை ஒருமுறை பார்த்தாள். “ஆனா சட்டம் மனுஷங்களைப் பற்றித்தான். மாட்டைப் பற்றி அதுல ஒண்ணும் இல்லை. மாட்டுத் தொழுவம்னு எழுதியிருக்கேன்.”

அதற்குள் பொன்னுலிங்கம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “உள்ள போகாதேயும் சாரே! தங்கச்சிக்குச் சொகமில்ல, படுத்திருக்கா!”

“உம்ம தங்கச்சி சண்முகவடிவு மண்டைக்காட்டுலல்லா இருக்கா?” என்றாள் பூங்கனி. “போன கோயில் கொடைக்கு நான் போயிருந்தப்போ எனக்குச் சுக்குவெள்ளம் போட்டுத் தந்தா. நல்லாத்தான் இருந்தா.”

சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள். உள்ளே நெல்வைக்கோல் வாசம். வெள்ளைச் சுவரோரம் சுகமாக அசைபோட்டுக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாணுமாலயன் புத்தகத்தைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். “பெரியவங்க நாலு. குழந்தை ஒண்ணு.”

“கணக்கு ஒத்துத்தான் இருக்கு சாரே,” என்றாள் பூங்கனி. “காளை ரெண்டு, பசு ரெண்டு, கன்னுக்குட்டி ஒண்ணு.”

ததேயுஸ் மருந்துப் பம்பைக் கீழே வைத்துவிட்டு, தென்னையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். கன்றுக்குட்டி வந்து தாணுமாலயன் புத்தகத்தை நக்கியது. “பாரும், கார்டு கேக்கு,” என்றாள் பூங்கனி.

தாணுமாலயனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசியில் பாதி நாவல்விளையை அவர் நடந்து எழுதினார். மீதியைப் பொன்னுலிங்கம் கடையில் உட்கார்ந்து, மட்டிப்பழமும் சாயாவும் சாப்பிட்டுக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினார்; அந்த வீடுகளில் தார் நம்பர் போட்டது கடைப் பையன். புத்தகத்தை யாருக்கும் காட்டாததற்கு ரகசியம் அதுதான். திருவனந்தபுரத்துச் சட்டம் ஒன்றும் இல்லை. பொன்னுலிங்கத்தின் பின்கதவு அரிசி எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. நாலு மாதமாக ஐந்து மாட்டின் அரிசியை ஊர்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்கித் தின்றிருக்கிறது.

“நான் தாசில்தாருக்கு எழுதுதேன்,” என்றார் தாணுமாலயன். “எந் தப்பையும் சேத்து எழுதுதேன்.”

இதைக் கேட்டதும் பூங்கனிக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனால் கையை நீட்டினாள். “அதுக்கு முன்னால எங் கார்டைத் தாரும்.”

தந்தார். தானே இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார்.

சனிக்கிழமை ரேஷன் கடையில் நாவல்விளை முழுவதும் அரிசி வாங்கியது. நூற்றுப் பதினெட்டு நிலையில் நூற்றுப் பதினெட்டு நம்பர். கடைசியாக நம்பர் போட்டது பூங்கனி வீட்டுக்கு. பொன்னுலிங்கத்துக்குத் தாலுகாவில் கூப்பிட்டு அபராதம் போட்டார்கள். திரும்பி வந்த அன்று ஏணியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுக் கட்டிவிட்டார். “இனி அவளுக்கு ஏணி கிடையாது. ஆகாசத்துல தொங்கி அடிக்கட்டும்,” என்று கடையில் இருந்து சொன்னாராம். “சரி, அவரு வீட்டுச் சுவரை அந்த அஞ்சு பேரும் நக்கிச் சுத்தம் பண்ணட்டும்,” என்று இவள் கிணற்றடியில் இருந்து சொன்னாள். இரண்டும் அவரவருக்குப் போய்ச் சேர்ந்தது.

மாசியில் டீச்சர் சென்சஸ் எடுக்க வந்தபோது ஒரு வீடும் தப்பவில்லை. ததேயுஸ் அந்த வருஷத்திலிருந்து மருந்தை மாசிக்கு மாற்றினான். ஒவ்வொரு தையிலும் அவன் ஆபீசிலிருந்து ஆள் வந்து, “எக்கா, வெள்ளையடிச்சு முடிஞ்சிட்டா?” என்று கேட்டுப் போவார். அவள் முடிந்தது என்றால்தான் பம்பு கிளம்பும். ஓட்டுப்போடுகிற பட்டியல் எழுத வந்தவர்களும் நிலையைப் பார்த்தே எழுதினார்கள். அதில் தன் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் பெண்டாட்டி’ என்று எழுதச் சொன்ன பெண்களைப் பூங்கனி கூடவே போய் வைதாள். “மாட்டுக்கே பேரு வச்சு அரிசி வாங்கியிருக்கு இந்த ஊரு. ஒனக்குப் பேரு சொல்ல வெக்கமாட்டி?” என்பாள். பெயர் வந்துவிடும்.

ஐம்பத்தாறில் இந்தப் பகுதி திருவனந்தபுரத்தை விட்டு மதராஸோடு சேர்ந்தது. தாலுகாக் கச்சேரியில் பலகை மாறியது, முத்திரை மாறியது. புதுசாக வந்த ஒரு ஆபீசர் பழைய புத்தகங்களைப் பார்த்துக் குழம்பிப்போய், நேரில் பார்க்கலாம் என்று நாவல்விளைக்கு வந்தார். நிலையைப் பார்த்தார், மூன்று புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தார். எல்லாம் ஒன்று.

“இதை எந்த டிப்பார்ட்மெண்ட் எழுதியது?” என்று கேட்டார்.

மேலே ஏணியில் நின்று கோடிச் சுவருக்கு இரண்டாம் கை அடித்துக்கொண்டிருந்த பூங்கனி, “சுண்ணாம்பு டிப்பார்ட்மெண்டு,” என்றாள். “பைய தள்ளி நில்லும் சாரே, மேல தெறிக்கும்.”

அந்த ஏணி அவளுடைய சொந்த ஏணி. ஐம்பத்தொன்றில், நம்பர் எழுதியதற்கு வீட்டுக்கு அரையணா வீதம் தாலுகாவிலிருந்து பணம் வந்தது. தாணுமாலயனே கொண்டுவந்து கொடுத்தார். வாங்கின மறுநாளே வடசேரிச் சந்தைக்குப் போய், காட்டு மூங்கிலில் பதின்மூன்று படி வைத்த ஏணி ஒன்றைத் தட்டிப் பார்த்து, ஏறிப் பார்த்து, கடைக்காரனை இரண்டு தடவை வைது, தலையில் வைத்து நாவல்விளை வரைக்கும் நடந்தே கொண்டுவந்தாள். பொன்னுலிங்கம் கடை முன்னால் வந்ததும் களைத்துப் போனவள்போல நின்று, ஏணியை அவர் கடைச் சுவரிலேயே சாய்த்து வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன விலைட்டி?” என்று அவர் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“நாலரை சொன்னான் அண்ணாச்சி. மூணு ரூபாய் பத்தணாவுக்குத் தந்தான்.”